குதிரை மீட்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தால் தனிமை போகுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஹூஸ்டனுக்கு வெளியே குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசா, வேலை அனுமதி இல்லை. கணவர் காலையில் போனால் இரவுதான் திரும்புகிறார். பக்கத்தில் உள்ள குதிரை மீட்புப் பண்ணையில் தன்னார்வலர் தேவை என்ற பலகையைப் பார்த்திருக்கிறீர்கள். குதிரையைத் தொட்டதுகூட இல்லை, பயமும் இருக்கிறது, போகலாமா? கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: "அங்கே போனால் நாலு பேர் பழக்கமாவார்களா, இல்லை வெறுமனே லத்தி அள்ளிவிட்டு வர வேண்டியதுதானா?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். லத்தி அள்ளத்தான் வேண்டும். நாலு பேர் பழக்கமாவதும் அந்த வேலையின் வழியாகத்தான். குதிரையைத் தடவிக்கொடுத்து மனம் லேசாவது எப்போதாவது ஒருநாள் நடக்கும். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே ஆட்களோடு ஒரு சலிப்பான வேலையைச் செய்வதுதான் நிலைத்து நிற்கும். ஏன் அப்படி என்பதற்கு அங்கே நடப்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

டெக்சாஸ் மீட்புப் பண்ணைக்குக் குதிரைகள் பெரும்பாலும் மூன்று வழியில் வரும். வேலை போய், உடம்புக்கு முடியாமல், வயதாகி, வளர்க்க முடியாதவர்கள் தாங்களாகவே கொண்டுவந்து விடுவது ஒன்று. பட்டினி போட்டு வைத்திருந்த குதிரைகளை ஷெரிஃப் அலுவலகம் பறிமுதல் செய்வது இன்னொன்று. அந்த வழக்கை 10 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். மூன்றாவது, ஏலச் சந்தையில் இறைச்சி வியாபாரிகள் கைக்குப் போகவிருந்தவை. அமெரிக்காவில் இருந்த கடைசி மூன்று குதிரை இறைச்சிக் கூடங்களும் 2007-ல் மூடப்பட்டன. அவற்றில் இரண்டு டெக்சாஸில்தான் இருந்தன. ஆனாலும் லாரியில் ஏற்றி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் அனுப்புவது நிற்கவில்லை. நீங்கள் துடைப்பத்தோடு உள்ளே போகும் கொட்டடியில் நிற்பது இந்த மூன்றில் எந்த வகை என்பதைப் பொறுத்து அதனிடம் நடந்துகொள்ளும் விதமும் மாறும். பறிமுதல் குதிரை என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. தீர்ப்பு வரும்வரை அது வழக்கின் சாட்சியம். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் பண்ணைக்கே சிக்கல் வரும்.

ஒரு முறை வேலை என்பது பொதுவாக மூன்று மணி நேரம். கோடையில் காலை ஆறரைக்கே தொடங்கிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல் அந்த வெயிலில் மனிதர்களாலும் முடியாது, குதிரைகளாலும் முடியாது. 450 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 கிலோ உலர்புல் தின்று, மூத்திரத்தையும் சேர்த்து 20 கிலோவுக்குக் குறையாமல் கழிவு போடும். பத்துக் குதிரை என்றால் 200 கிலோ. இதை அள்ளப் பல் நெருக்கமான முள்கரண்டி ஒன்று தருவார்கள். புதிதாக வருபவர்கள் கொட்டடியில் கிடப்பதையெல்லாம் அப்படியே வாரி வண்டியில் கொட்டுவார்கள். அதில் பாதி காசு கொடுத்து வாங்கிய நல்ல மரச்சீவல். லத்தி கிடக்கும் இடத்தில் கரண்டியை நுழைத்து, மேலே தூக்கி, மெல்லக் குலுக்கினால் சீவல் கீழே உதிர்ந்து உருண்டைகள் மட்டும் நிற்கும். மூத்திரம் நனைத்த இடத்தைத் தரை தெரியும்வரை தோண்டி எடுக்க வேண்டும். அங்கே ஈரமும் அம்மோனியா நெடியும் தங்கினால் குதிரைக்கு மூச்சுக்குழல் கெடும், குளம்பின் அடி அழுகும். பழகிய கைக்கு ஒரு கொட்டடி 15 நிமிடம், முதல் வாரத்தில் உங்களுக்கு 40. தள்ளுவண்டியை முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம். குப்பைமேட்டுச் சரிவில் கவிழ்ந்தால் இரட்டை வேலை.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவதை எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள். எந்த வேலை முக்கியம் என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். வழக்கமாக நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் குடிக்கும் குதிரைக்கு டெக்சாஸ் கோடையில் 60 லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். பாசி படிந்த தண்ணீரை அது குறைத்துக் குடிக்கும். குறைத்துக் குடித்தால் தின்ற புல் குடலில் அடைத்துக்கொள்ளும். தெற்கு மாநிலங்களில் எங்கும் கிடைக்கும் கோஸ்டல் பெர்முடா புல் இழை மெல்லியது, குடல் அடைப்புக்குப் பேர்போனது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் அதன் வயிற்றுவலி, குதிரைக்காரர்கள் 'கோலிக்' என்று சொல்வது, சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடலாம். முன்காலால் தரையைப் பறண்டுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, தீனியைச் சீண்டாமல் நிற்பது, படுத்துப் புரளுவது, மேலுதட்டைச் சுருட்டுவது எல்லாம் அதன் அடையாளம். இதில் ஒன்றைப் பார்த்தாலும் உங்கள் வேலை நான்குதான்: தீனியை எடுத்துவிடுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசியாக லத்தி கிடந்ததா என்று பாருங்கள், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். மருந்து எதுவும் நீங்களாகக் கொடுக்கக்கூடாது. மணிக்கணக்கில் நடத்திக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச தூரம் நடத்துவது சில சமயம் உதவும். ஓயாமல் நடத்தினால் அது களைத்துப்போவதுதான் மிச்சம்.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் பயம் இருக்கட்டும், அது தேவை. பயம் விட்டுப்போனவர்களும் அடிபடுகிறார்கள். குதிரைக்குத் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், இந்த இரண்டு இடமும்தான் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே, தோள்பட்டைப் பக்கமாகச் சாய்வாக அணுகுங்கள். பின்னால் போக வேண்டியிருந்தால் இரண்டே வழி: ஒன்று, அதன் முதுகில் கை வைத்தபடி உடம்போடு ஒட்டிப் போவது, அவ்வளவு நெருக்கத்தில் உதைக்கு வீச்சு கிடைக்காது. இல்லையென்றால் மூன்று மீட்டருக்கு அப்பால் சுற்றிப் போவது. இரண்டுக்கும் நடுவில்தான் எலும்பு முறியும். பிடித்துச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்து, மடிப்பின் நடுவைப் பிடிக்க வேண்டும். மிரண்டு ஓடும்போது சுற்று இறுகி விரல் துண்டானவர்கள் இருக்கிறார்கள். மேய்ச்சல் வெளியில் விடும்போது வாயிலைத் தாண்டியதும் அதன் முகத்தை வாயில் பக்கம் திருப்பி நிறுத்தி, பிறகு கொக்கியைக் கழற்றுங்கள். துள்ளிக் குதித்து ஓடினாலும் பின்னங்கால் உங்கள் பக்கம் இருக்காது. நாலைந்து குதிரைகள் நிற்கும் வெளிக்குள் தீனி வாளியோடு நீங்கள் தனியாகப் போகக்கூடாது. அவற்றுக்குள் யார் முதலில் தின்பது என்ற வரிசை உண்டு. அந்தச் சண்டைக்கு நடுவில் வாளியோடு நிற்பது நீங்கள். புல்லை வேலிக்கு வெளியிலிருந்து போடுவார்கள். குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாக, தள்ளித் தள்ளிப் போட்டால் கடைசி ஆளுக்கும் தின்னக் கிடைக்கும்.

நல்ல பண்ணையில் முதல் மாதம் உங்களைக் குதிரை அருகே தனியாக விடமாட்டார்கள். முதல் நாளே "இதைப் பிடித்துப் போங்கள்" என்று கயிற்றைக் கையில் கொடுக்கும் இடம் என்றால், மறுபடி போக வேண்டாம்.

தன்னார்வலர்கள் அன்பினாலேயே கேடு விளைவிக்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குதிரையின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை 1983-ல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெக்கி உருவாக்கினார். 5 என்பது நல்ல நிலை, 1 என்பது எலும்பின் மேல் தோல். கழுத்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் தொடங்கும் இடம் என்று ஆறு இடங்களைக் கையால் தொட்டு அழுத்திப் பார்த்து எண் போடுவார்கள். குளிர்காலத்து அடர்ந்த முடி கண்ணை ஏமாற்றிவிடும் என்பதால்தான் கையால் தொட்டுப் பார்ப்பது. பறிமுதலாகி வரும் குதிரைகளில் 1, 2 சாதாரணம். அதைப் பார்த்ததும் நம் ஊர் மனசு என்ன சொல்லும்? ஒரு வாளி நிறையத் தானியம் வை என்று சொல்லும். அப்படி வைத்தால் அது செத்துப்போகும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து சேர்ந்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். ரத்தத்தில் அவை சரிந்ததும் இதயம், மூச்சு, மூளை எல்லாம் தடுமாறும். பெரும்பாலும் தீனி தொடங்கி மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், தேறிவருகிறது என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய நேரத்தில், இது நடக்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பிறகு பல பண்ணைகள் பின்பற்றும் முறை, மாவுச்சத்து குறைந்து புரதமும் தாதுக்களும் கூடிய ஆல்ஃபால்ஃபாவை, நம் ஊர்க் குதிரைமசாலைத்தான், நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவாக மூன்று நாள் வைப்பது. பிறகு பத்தாம் நாள்வரை அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைப்பது. நள்ளிரவு 2 மணிக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளைக்கு ஆள் கிடைக்காமல் பண்ணைகள் திண்டாடும். பழைய எடைக்குத் திரும்ப மூன்று முதல் ஐந்து மாதம் ஆகலாம். இடைப்பட்ட நாளில் யாரோ ஒருவர் இரக்கப்பட்டு நீட்டும் ஆப்பிளும் கேரட்டும்கூடக் கணக்கில் இல்லாத சர்க்கரைதான். கொட்டடிக் கதவில் 'தீனி கொடுக்காதே' என்று எழுதியிருந்தால் அதற்குக் காரணம் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டிலிருந்து கொள்ளுப் பயறையும் எடுத்துப் போக வேண்டாம்.

புதிதாக வந்த குதிரைகளைத் தனியே கட்டியிருப்பார்கள், பெரும்பாலும் மூன்று வாரம். ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டைக்கட்டி நோய் மூக்குச்சளி வழியாக வாளி, கயிறு, மனிதர் கை எல்லாவற்றிலும் ஏறிப் பரவும். எனவே நலமாக உள்ளவற்றின் வேலையை முதலில் முடித்து, அந்தத் தனிக் கொட்டகைக்குக் கடைசியில்தான் போக வேண்டும். போனபின் திரும்பி வரக்கூடாது. வாளியும் முள்கரண்டியும் அங்கே தனி.

இனி நாலு பேர் விஷயத்துக்கு வருகிறேன். சனி, ஞாயிறு போகாதீர்கள். அன்றைக்குப் பள்ளிக்குச் சேவை மணிக்கணக்குக் காட்ட வரும் பிள்ளைகள், குடும்பமாக ஒருநாள் பார்க்க வருபவர்கள் என்று கூட்டம் இருக்கும்; அடுத்த வாரம் வேறு முகங்கள். ஆள் பற்றாக்குறை கிழமை நாட்களின் காலையில்தான். செவ்வாய் காலை என்றால் அதே மூன்று நான்கு பேர்தான் வருவார்கள்: பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, இரவுப் பணி முடித்த நர்ஸ், முன்னாள் படைவீரர் ஒருவர், இந்த மாதிரி. உங்களுக்குப் பொழுது இருப்பதும் அதே நேரம். இரண்டு பேர் அடுத்தடுத்த கொட்டடியில் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்யும்போது வரும் பேச்சுக்கும், காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. கை வேலையில் இருக்கிறது; நடுவில் ஐந்து நிமிடம் பேசாவிட்டாலும் உறுத்தாது; உங்கள் உச்சரிப்பை யாரும் கவனித்துக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். பேச ஏதாவது விஷயம் எப்போதும் இருக்கும்: நேற்று நொண்டியது இன்று எப்படி, லாடக்காரர் எப்போது வருகிறார். எல்லாவற்றையும்விட, நீங்கள் வராவிட்டால் ஐந்து கொட்டடி அள்ளப்படாமல் கிடக்கும். ஆகவே வராதது தெரியும். 'என்ன ஆச்சு' என்று செய்தி வரும். இந்த ஊரில் எட்டு மாதமாக உங்களுக்குக் கிடைக்காதது அந்தச் செய்திதான் என்பது என் ஊகம். 'நேரம் கிடைக்கும்போது வருகிறேன்' என்று சேர்ந்தால் அது கிடைக்காது.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று குதிரையைச் சொல்வார்கள். உண்மையில் தன்னார்வலர்களில்தான் அந்த ரகம் அதிகம். சவாரி கிடைக்கும் என்று வந்து, மூன்று வாரத்தில் காணாமல் போவார்கள். பழைய ஆட்கள் புதியவர்களிடம் முதலில் ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் நிறமோ மொழியோ காரணம் என்று அவசரப்பட்டு எண்ணிவிடாதீர்கள். எட்டு, பத்து வாரம் விடாமல் வந்தபிறகு பேச்சின் தொனியே மாறும். உட்பூசலும் இருக்கும். குதிரைக்காரர்கள் இருவர் இருந்தால் கருத்து மூன்று இருக்கும்; லாடம் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே நட்பு முறிந்த பண்ணைகள் உண்டு. முதல் ஆறு மாதம் கேட்டுக்கொள்வதோடு நில்லுங்கள்.

கஷ்டமான பகுதியும் உண்டு. நீங்கள் தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழக்கிய குதிரையை ஒருநாள் யாரோ தத்தெடுத்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் பண்ணையே நடக்கிறது. ஆனாலும் அன்று அழாதவர்கள் குறைவு. சிலவற்றைக் காப்பாற்ற முடியாது. கால் எலும்பு குளம்புக்குள் இறங்கிவிட்ட குதிரையை ஊசி போட்டு விடுவிக்கும் முடிவை மருத்துவரும் பொறுப்பாளரும் எடுப்பார்கள், தன்னார்வலரிடம் கேட்கமாட்டார்கள். இதைத் தாங்க முடியுமா என்று முன்கூட்டியே யோசியுங்கள். முடியாது என்றால் சேணம் கழுவுதல், மருத்துவப் பதிவேடு, தத்து விண்ணப்பங்களைச் சரிபார்த்தல், மானிய விண்ணப்பம் எழுதுதல் எல்லாம் அதே பண்ணையின் வேலைதான். கணினி தெரிந்த ஆளுக்கு அங்கே பெரிய வரவேற்பு.

குதிரையோடு பழகினால் மனச்சோர்வு தீரும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். இதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வாரம் தவறாத உடலுழைப்பு, காலை வெயில், மனிதர் முகம், இவை மனதுக்கு நல்லது என்பதில் சந்தேகம் இல்லை. குதிரைக்கென்று தனிச் சக்தி இருக்கிறதா என்பது இன்னும் தீராத கேள்வி. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு (PTSD) கொண்ட 63 முன்னாள் படைவீரர்கள் எட்டு வாரம் குதிரைகளோடு சிகிச்சை பெற்றார்கள். பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. அதோடு, அது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்தியது; லத்தி அள்ளுவதை அதோடு சேர்க்க முடியாது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், விடிந்தால் எழவே மனமில்லாமல் இருக்கிறது என்றால் முதலில் மருத்துவர், பிறகு பண்ணை.

எந்தப் பண்ணை என்பதைப் பார்த்துச் சேருங்கள். லாபநோக்கற்ற அமைப்பு என்று பதிவு செய்தவை வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் யாரும் பார்க்கக்கூடியது. தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் எவ்வளவு போகிறது என்று அதில் தெரியும். நேரில் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை குதிரை வரை வைத்துக்கொள்வீர்கள்? ஆண்குதிரைகளுக்குக் காயடிக்கிறீர்களா? தத்தெடுத்தவரால் முடியாமல் போனால் குதிரை உங்களிடம் திரும்பி வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உண்டா? எண்ணிக்கைக்கு வரம்பே சொல்லாத இடம், கொஞ்ச நாளில் தானே பறிமுதலுக்கு ஆளாகும் இடம். 'இன்று மாலைக்குள் பணம் வராவிட்டால் இந்தக் குதிரை இறைச்சிக்குப் போய்விடும்' என்று வாராவாரம் இணையத்தில் வசூல் செய்பவர்களிடமிருந்தும் தள்ளியே இருங்கள். அந்தப் பணம் வியாபாரி கைக்குத்தான் போகிறது. அதை வைத்து அவர் அடுத்த ஏலத்தில் இன்னும் நாலு குதிரை வாங்குவார்.

விசா விஷயம்: லாபநோக்கற்ற அமைப்பில் ஊதியம் இல்லாமல், வழக்கமாகத் தன்னார்வலர்களே செய்யும் வேலையைச் செய்வதற்கு எச்-4 பொதுவாகத் தடையில்லை. ஆனால் அங்கே சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்வதும், வேலைக்குப் பதிலாக இலவசச் சவாரி வகுப்பு, பெட்ரோல் படி போன்றவற்றை வாங்கிக்கொள்வதும் சிக்கலாகலாம். இதைக் குடிவரவு வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். என் துறை அது இல்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கல் கார். இந்தப் பண்ணைகளுக்குப் பேருந்து போகாது. ஓட்டுநர் உரிமம் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் படி அதுதான்.

போவதற்கு முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குதிகால் சற்று உயர்ந்த தோல் பூட்ஸ், முழு நீளப் பேன்ட், கையுறை, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர். துப்பட்டா வேண்டாம், வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும், தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள். சேரும்போது பொறுப்பு விடுவிப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். டெக்சாஸ் சட்டப்படி குதிரையால் வரும் இயல்பான ஆபத்துக்குப் பண்ணை பெரும்பாலும் பொறுப்பாகாது. ஆகவே உங்கள் மருத்துவக் காப்பீட்டில் விபத்துச் சிகிச்சைக்குக் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பண்ணைக்குப் போன் செய்து, "செவ்வாய்க்கிழமை காலை, பன்னிரண்டு வாரம் விடாமல் வருகிறேன், குதிரை அனுபவம் இல்லை" என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் அனுபவத்தைப் பற்றி அதற்குமேல் கேட்கமாட்டார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றுதான் கேட்பார்.